ஜவ்வு கிழிஞ்ச முட்டி

நாலு மாசமா இந்தப் பக்கம் எதுவும் எழுதல. காரணம் என் வலது முட்டி.

எங்க ஜெயங்கொண்டம் பக்கம் சித்திரை, வைகாசி முந்திரிப் பருவம். உதிர்ந்து கிடக்கிற பழத்தைப் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுக்கணும். குத்துக்கால் போட்டு உக்காரணும், எழுந்திரிக்கணும், நாள் முழுக்க அதே வேலை. ஒரு நாள் எழுந்திரிக்கும்போது முட்டிக்குள்ள 'கடக்'னு சத்தம். விழல, அடிபடல. ராத்திரிக்குள்ள வீங்கிப் போச்சு.

பத்து நாள் எண்ணெய் போட்டுக் கட்டிப் பார்த்தேன். அப்புறம் வெளியூர்ல ஒரு ஆஸ்பத்திரி. எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு, "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு வெட்டி எடுத்துடலாம்"னாங்க. எண்பதாயிரம். வீட்டுக்காரி ஒண்ணும் பேசாம வளையலைக் கழட்டி வச்சா. மக கல்யாணத்துக்குக்கூட அதை அடகு வைக்கல நாங்க.

அக்கா மகன் திருச்சியில பிசியோதெரபி பார்க்கிறான். போன் பண்ணினேன். "மாமா, கீழ விழுந்தீங்களா?" இல்லப்பா. "மடக்கின கால் நீட்ட முடியாம அப்படியே சிக்கிக்குதா?" இல்ல. "அப்ப அவசரப்பட்டு அடகுக்கடைக்குப் போகாதீங்க."

அவன் சொன்ன கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பின்லாந்துல அஞ்சு ஆஸ்பத்திரியில 146 பேரைச் சேர்த்தாங்களாம். எல்லாருக்கும் 35லேர்ந்து 65 வயசுக்குள்ள. மூட்டுத் தேய்மானம் இல்ல, ஆனா என்னை மாதிரி அடிபடாமலே ஜவ்வு கிழிஞ்சவங்க. எல்லாருக்கும் ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் ஆபரேஷன் ரூம்லயே ஒரு உறையைப் பிரிப்பாங்க. பாதிப் பேருக்கு ஜவ்வை வெட்டணும்னு வரும், மீதிப் பேருக்கு வெட்டுற மாதிரி நடிக்கணும்னு வரும். கருவியை வாங்கி, காலை ஆட்டி, மிஷின் சத்தம் எல்லாம் கொடுத்து, அதே நேரம் படுக்க வச்சு அனுப்பிடுவாங்க. யாருக்கு எதுன்னு நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சுக் கேட்டா ரெண்டு கூட்டத்துக்குமே வலி குறைஞ்சிருக்கு, ஏறக்குறைய ஒரே அளவு! 2013 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்த ஆராய்ச்சி அது. தேய்மானம் உள்ள முட்டிக்கு 2002லயே அமெரிக்காவுல ஹூஸ்டன்ல இதே மாதிரி 180 பேரை வச்சுப் பார்த்திருக்காங்க. அங்கயும் வெறும் தோலைக் கீறி விட்டவங்களைவிட, உள்ள கழுவிச் சுரண்டினவங்களுக்கு ஒண்ணும் கூடுதலா நல்லது நடக்கல.

எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. மனுஷனை அறுத்து நடிக்கிறதான்னு. யோசிச்சா, சம்மதம் வாங்கித்தான் பண்ணியிருக்காங்க. அப்படிப் பண்ணலன்னா, குணமாக்கினது கத்தியா நம்பிக்கையான்னு எவனுக்குத் தெரியும்?

வயசானா ஜவ்வு பழைய கமலை வடம் மாதிரி பிசிறு விடுமாம். வலியே இல்லாதவங்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் கிழிசல் தெரியுமாம். அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர்கிட்டயும் படத்தைக் காட்டினேன், அவரும் மூணு மாசம் பயிற்சி பண்ணிட்டு வான்னார். கபடி ஆடி முட்டி திருகிக்கிட்ட பையனுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதையும் சொல்லிடறேன். மூட்டு மொத்தமும் தேஞ்சு நடக்கவே முடியாதவங்களுக்கு மூட்டு மாத்துறது வேற விஷயம். 2017 ஆகஸ்ட்ல செயற்கை மூட்டுக்கு அரசாங்கம் உச்சவரம்பு விலை வச்ச பிறகு அதுக்கான செலவும் இறங்கியிருக்கு.

பயிற்சின்னா பெருசா ஒண்ணுமில்ல. நாற்காலியில உக்காந்து காலை நேரா நீட்டி பத்து எண்ணணும். முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு அழுத்தணும். தொடைச் சதை பலமானா முட்டிக்குப் பாரம் குறையும்னான். எண்பதாயிரம்னா நம்பின மனசு, துண்டை அழுத்துன்னா நம்ப மாட்டேங்குது. முதல் மாசம் சலிப்புதான். ரெண்டாவது மாசம் சைக்கிள் மிதிச்சேன். இப்ப வலி பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, முழுசா போகல.

வீட்டுக்காரிக்குக் கையைத் தூக்கினா தோள்ல குத்துது. கொடியில துணி போட முடியல. தோள் எலும்பைச் சீவுற ஆபரேஷனையும் பிரிட்டன்ல இப்படிச் சோதிச்சு, 2017ல இதே மாதிரி முடிவு சொல்லியிருக்காங்க. அவளும் இப்ப தினம் செவுத்துல விரலை வச்சு மேல மேல நகர்த்துறா.

கடலைக்கொல்லையில ரெண்டாவது களை வந்திருக்கு. குத்துக்கால் போட இன்னும் பயம். களைக்கொட்டுக்கு இடுப்பளவு காம்பு போட்டு நின்னுகிட்டே கொத்துறேன். பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்புல நின்னு சிரிச்சார். நேத்து வந்து, "அந்தக் காம்பு எங்க வாங்கினீங்க?"ன்னார்.