சாணமும் சான்றும்

புதுவைப் பெரிய மார்க்கெட்டில் ஒருநாள் கத்தரிக்காய் வாங்கச் சென்றோம். ஒரு கடையின் முகப்பிலே 'இயற்கை விளைச்சல்' என்ற பலகை. விலையோ இருமடங்கு! "சான்று உண்டா?" என்று கேட்டோம். "நம்பி வாங்குங்க ஐயா! பசுஞ்சாணத்துல விளைஞ்சது, கோமாதா கைவிடமாட்டா" என்றார் கடைக்காரர்.

நம்பி! இந்த நாட்டை நெடுங்காலம் ஆட்டிப் படைத்த சொல் அன்றோ அது? சாணத்தின் சிறப்பு அதிலுள்ள தழைச்சத்திலும் நுண்ணுயிரிலும் இருக்கிறது, புனிதத்தில் இல்லை.

வாங்காமல் திரும்பினோம். ஆயினும் இயற்கை வேளாண்மையைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. பாகூர் வயலிலே கூலிக்கு மருந்தடித்தவர் நம் தமையனார். கையுறை இல்லை, முகமூடி இல்லை. ஒருநாள் மாலை வரப்பிலே மயங்கிச் சாய்ந்தார். உயிர் மீண்டது, பழைய உடல் மீளவில்லை. "விதி" என்றனர் ஊரார். விதியா? நஞ்சு! 2011-இல் உச்சநீதிமன்றம் எண்டோசல்பானைத் தடை செய்தது விதியை எண்ணியா? இல்லை, அந்த நஞ்சு விளைத்த கேட்டை எண்ணி!

1972-இல் பிரான்சு நாட்டு வெர்சேலில் பிறந்தது இயற்கை வேளாண் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பு. 2005-இல் அது ஏற்ற கொள்கைகள் நான்கு: நலம், சூழல், நேர்மை, அக்கறை. மூன்றாவதைக் கவனியுங்கள், தோழர்களே! மண்ணுக்கு மட்டுமன்று, மண்ணில் உழைப்பவனுக்கும் நீதி வேண்டும்.

கொள்கைக்குக் காவல் சட்டம். 2017-இல் இந்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிகள் வகுத்தது. சான்றுக்கு வழி இரண்டு. ஒன்றிலே வெளி நிறுவனம் வந்து சோதிக்கும். மற்றொன்றிலே குறைந்தது ஐந்து உழவர் குழுவாகி, ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வர். விளைவித்த சிறு உழவர் நேரே விற்றால் சான்று கட்டாயமன்று. கடைக்காரரோ விளைவித்தவர் அல்லர்! ஆகவே நாம் கேட்டது குற்றமன்று, உரிமை.

சட்டமும் அறிவோடு நடக்கவேண்டும். 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தது. நெல் விளைச்சல் சரிந்தது. அந்த ஆண்டு முடியுமுன்னரே தடை விலகியது. ஒருபோகப் பயிர் நிலம் மாறுவதற்கே பொதுவாக இரண்டாண்டு வேண்டும் என்கின்றன நம் நாட்டு விதிகள். ஓர் ஆணையால் ஒரு நாடு ஒரே நாளில் மாறுமா?

தமையனார் இன்று கொல்லையிலே கத்தரி வளர்க்கிறார். எந்தக் கரைசலுக்கு எத்தனை பூச்சி குறைந்தது என்று ஏட்டில் எண்ணி எழுதுகிறார். பள்ளி காணாத அந்தக் கை எழுதும் கோணல் எழுத்தே நமக்குச் சான்று!

கேளுங்கள், தோழர்களே! கேட்பவன் இருந்தால்தான் பலகை பொய் சொல்ல அஞ்சும்.