சேர்ந்திருந்த நாள்களின் கணக்கு

கல்யாணமாகி மூன்று மாதம் ஆனாலே போதும், புதூரில் அந்தப் பெண்ணிடம், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிற கிராம சுகாதாரச் செவிலியர் நான். வாசலில் நின்று அதைக் கேட்க மாட்டேன். அவள் தனியாக இருக்கும்போது, "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துன?" என்றுதான் ஆரம்பிப்பேன்.

ஒரு மாமியார் வழிமறித்தார். "ரெண்டு வருசமாச்சு நர்சம்மா. இவள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க." மருமகளுக்கு வயது 23. மாதவிடாய் ஒழுங்காக வருகிறது.

"தம்பி எங்க இருக்காரு?"

"திருப்பூர்ல. தைப் பொங்கலுக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் வருவான்."

விரல்விட்டு எண்ணினோம். இரண்டு வருடத்தில் சேர்ந்திருந்தது ஐம்பது நாள்கூடத் தேறவில்லை. அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னால் கருமுட்டை வெளிவரும். அதன் ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அந்த நாள்களில் பெரும்பாலும் அவன் பனியன் கம்பெனியில் இருந்திருக்கிறான். வானம் பார்த்த கரிசலில் இப்படிப் பிரிந்திருக்கிற வீடுகள் நிறைய. சிகிச்சைக்குப் போகுமுன் ஓராண்டு பாருங்கள் என்று மருத்துவம் சொல்வது, சேர்ந்து வாழ்ந்த ஓராண்டை. அந்தப் பெண்ணுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்து, திருப்பூருக்கு அனுப்பிவைக்கச் சொன்னேன்.

எல்லோருக்கும் அந்த ஓராண்டு பொருந்தாது. பெண்ணுக்கு 35 வயதானால் ஆறு மாதம்தான். 40 தாண்டினால் காத்திருக்கவே கூடாது. மாதவிடாய் தாறுமாறாக வந்தாலும், முன்பு காசநோய் இருந்திருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நான் சரியாக உள்வாங்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் உழைத்துத் தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, 36 வயதில் கல்யாணம் செய்துகொண்ட ஓர் அக்கா. "ஒரு வருசம் பாருங்கக்கா" என்றேன், எல்லோருக்கும் சொல்வதைப் போல. அவருக்குக் கடைசிவரை குழந்தை இல்லை. முன்பே போயிருந்தால் கிடைத்திருக்குமா, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆறு மாதம் அவருடையது, நான் வீணாக்கினேன்.

இன்னொன்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை: கணவருக்கும் சோதனை, அதுவும் முதலிலேயே. குழந்தை தங்காத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணமும் உண்டு. அப்படியிருந்தும் ஸ்கேன், கருக்குழாய்ச் சோதனை என்று பெண்ணைத்தான் அலைக்கழிக்கிறோம்.

"எனக்கென்னக்கா குறை?"

"குறைன்னு யாரு சொன்னா தம்பி? இதுக்கு ஊசிகூடக் கிடையாது. ரெண்டு நாளுக்குக் குறையாம, ஏழு நாளுக்கு மிஞ்சாம விலகியிருந்துட்டுப் போயிக் குடுத்தாப் போதும்."

விந்துப் பரிசோதனையின் முடிவு சரியில்லை என்றாலும் அத்தோடு தீர்ந்துவிடாது. விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும் என்பதால், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம். சிகிச்சை என்றதும் லட்சக்கணக்கில் செலவாகுமே என்று டெஸ்ட் டியூபை நினைத்துப் பயப்படுகிறார்கள். முட்டை வளர்வதற்கான மாத்திரையோடு நின்றுவிடுகிற சிகிச்சைகளும் எத்தனையோ உண்டு.

பதிவேட்டில் திருமணத் தேதியை எழுதுகிறேன். அதன் ஓரத்திலேயே பென்சிலால், இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கத் தொடங்கிய மாதத்தையும் குறித்து வைக்கிறேன்.