பந்திக்கு முந்திய விமர்சகர்

1930-களில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய சங்கீத விமர்சனங்களையும், பிற்பாடு சுப்புடு வைத்த குட்டுகளையும் படித்து ருசி கண்டவன் நான். அந்தத் துணிச்சலில், கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணக் கச்சேரி முடிந்ததும் பாடகர் காதுபடவே, "ராஜரத்தினம் பிள்ளை இசைத்தட்டில் கேட்டால் அது தோடி! இதுவும் ஒரு தோடியா?" என்று ஒரு போடு போட்டேன். பாவம், மனிதர் முகம் வாடிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமா கிராமபோனில் அந்தத் தட்டையே சுழல விட்டார். மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடி, நின்றது.

"பிள்ளைவாள் மணிக்கணக்கில் தோடி வாசித்தவர். தட்டில் பிடிபட்டது இவ்வளவுதான். அவரையும் நீ முழுசாகக் கேட்டதில்லை. இன்றைக்கு இவரையும் கேட்கவில்லை. இலை போட்டதும் எழுந்து ஓடிவிட்டாயே! கல்கியும் சுப்புடுவும் கேட்டுவிட்டல்லவா, அப்பா, குட்டினார்கள்?" என்றார்.

அன்று முதல் மங்களம் பாடும்வரை நான் எழுந்திருப்பதில்லை. அந்தப் பாடகரைத்தான் அப்புறம் பார்க்கவே முடியவில்லை.