தூவியா, பஞ்சா?

‘டவுன் ஆல்டர்நேட்டிவ்’ தலையணை என்று இப்போது கடைகளில் விற்கிறார்கள். ஆய்க்குடியில் இருக்கும் என் சித்தி, திருநெல்வேலி டவுனில் கிடைப்பதால் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் அதை வாங்கி வந்த நாளிலிருந்து வீட்டில் பஞ்சாயத்து.

“இலவம்பஞ்சுத் தலகாணியாலதான் பிள்ளைக்கு இளைப்பு வருதாம்யா. அம்புட்டையும் தூரப் போடணும்னு சொல்லுதா. இத்தன வருசமா நாங்க படுக்கலியா?” என்றாள் போனில்.

பேரனுக்கு ஆறு வயசு. குற்றாலச் சாரல் பிடித்துவிட்டால் ராத்திரியில் மூச்சு விசில் அடிக்கும். ஆகவே சிரித்துவிட்டுப் போகிற சண்டையில்லை. உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

இந்த ‘டவுன்’, தூவி. வாத்தின் வெளி இறகுகளுக்கு அடியில் இருக்கும், தண்டில்லாத மெல்லிய பொசுபொசுப்பு. நமக்குப் புதிதல்ல. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் படுக்கையில் அன்னத்தூவி உண்டு. திருப்பாவையின் பஞ்ச சயனத்துக்கு உரை சொல்கிறவர்கள் சிலர் அன்னத்தூவியையும் இலவம்பஞ்சையும் ஒரே பட்டியலில் வைக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே ஆல்டர்நேட்டிவ் இருந்திருக்கிறது!

இன்றைய ஆல்டர்நேட்டிவ், பாலியெஸ்டர் இழை. தண்ணீர் பாட்டில் செய்கிற அதே சரக்கை மெல்லிசாக இழுத்தது. மூன்றுக்கும் வித்தை ஒன்றுதான்: காற்றைப் பிடித்து வைப்பது. இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழாய். மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் மிதக்கும் என்பதால் உலகப் போர்க்காலத்தில் கப்பல்காரர்களின் லைஃப் ஜாக்கெட்டுகளில் அடைத்தார்கள்.

சரி, இளைப்பு? பல வீடுகளில் அதைக் கிளப்புவது பஞ்சு அல்ல, தூசிப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துணுக்கைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழும். ‘செயற்கை இழையில் அது வராது’ என்றுதான் உலகம் நம்பியது. 1996-ல் நியூசிலாந்தில் தலையணைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இறகுத் தலையணையைவிடச் செயற்கைத் தலையணையில்தான் பூச்சியின் கழிவு அதிகம்! காரணமாக அவர்கள் சந்தேகப்பட்டது உறையை. இறகு குத்தி வெளியே வராமலிருக்க அதன் உறையை நெருக்கமாக நெய்கிறார்கள். பூச்சிக்கும் அது கதவடைப்பு.

ஆக, உள்ளே என்ன என்பதைவிட உறை எப்படி, ஈரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. இலவம்பஞ்சைத் துவைக்க முடியாது, கட்டி தட்டிவிடும். வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பதுதான் வழி. ஆனால் ஆய்க்குடியில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வெயிலுக்கு எங்கே போவது? பையனுக்கு இளைப்பு வருவதும் அப்போதுதான். அதனால் என் தீர்ப்பு: பேரனுக்கு மருமகளின் தலையணை. இழை உசத்தி என்பதால் அல்ல, துவைக்கலாம் என்பதால். நெருக்கமாக நெய்த உறை போட்டு, மேலுறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. சித்திக்கு அவள் இலவம்பஞ்சு. ஒரே நிபந்தனை, பேரன் அதில் படுக்கக் கூடாது.

வாங்கிப் போட்டதோடு வேலை முடியாது என்பது ஆய்க்குடிக்காரர்களுக்குத் தெரியும். 1975-ல் கடற்படைத் தேர்வில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கேதான் இருக்கிறது. தண்டுவடம் அடிபட்டவருக்கு முதுகில் வலி தெரியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் விழும். என்ன மெத்தை போட்டாலும், இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் யாராவது எழுந்து வந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நடு ராத்திரியிலும்.