சிவப்பு விளக்கு சொல்லும் சேதி!



"டி.வி. ஓடலை" என்று ஒருவர் கடைக்கு வந்து சொன்னால் அதற்கு ஆயிரம் அர்த்தம் உண்டு. சிவப்பு விளக்கே எரியவில்லையா? விளக்கு எரிந்தும் ரிமோட்டுக்கு அசைய மறுக்கிறதா? சத்தம் வருகிறது, படம் மட்டும் இருட்டா? இந்த மூன்று கேள்விகளைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. விடுமுறை நாட்களில் ஒரு ரிப்பேர் கடையில் உட்கார்ந்து நான் கற்ற முதல் பாடம் இதுதான்.

எல்.இ.டி. டி.வி.யின் பவர் சப்ளை வேலை செய்வதில் ஒரு வரிசை இருக்கிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி., ஃப்யூஸ், ஃபில்டர், பிரிட்ஜ் எல்லாம் கடந்து பெரிய கண்டென்சரில் ஏறக்குறைய 325 வோல்ட் டி.சி.யாகத் தேங்கும். பி.எஃப்.சி. உள்ள செட்டில் ஓடும்போது இது 380, 400 வரை ஏறும். பல செட்டுகளில் அங்கிருந்து முதலில் பிறப்பது 5 வோல்ட் ஸ்டேண்ட்பை. சிவப்பு விளக்கு எரிவது அதனால்தான். ரிமோட்டை அழுத்தியதும் மெயின் போர்டு "எழுந்திரு" என்று ஒரு சிக்னல் அனுப்பும். பிறகே 12 வோல்ட், 24 வோல்ட், கடைசியாகத் திரைக்குப் பின்னால் உள்ள பேக்லைட். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். சத்தம் வந்து திரை இருட்டானால், டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் பக்கம்தான் கோளாறு.

கடை அண்ணன் அடிக்கடி சொல்வார்: "மொதல்ல மூக்கு, அப்புறம் கண்ணு, கடைசியிலதான் மீட்டரு." கருகிய வாடை வருகிறதா, கண்டென்சர் தலை உப்பியிருக்கிறதா, ஃப்யூஸ் கண்ணாடி கருத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருத்திருந்தால் எங்கோ பலமான ஷார்ட். பிரிட்ஜையும் மாஸ்ஃபெட்டையும் சோதிக்காமல் புது ஃப்யூஸ் போட்டால் அதுவும் போய்விடும்! 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு கரண்ட் கொடுப்பதே நல்லது. பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் பயமில்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று கை வைக்காதீர்கள். பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடிப்பது வீரம் அல்ல. 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை நன்றாக இன்சுலேட் செய்து, அதன் வழியே இறக்குங்கள். பிறகு மீட்டரில் அளந்து உறுதி செய்யுங்கள்.

போன மழைக்காலத்தில், இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், போர்வையில் சுற்றிய 40 அங்குல செட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். "வேற ஒரு எடத்துல காமிச்சேன் தம்பி. போர்டையே மாத்தணும், 4,500 ஆகும்னுட்டாங்க. அவ்ளோ பணத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார். சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது; செட் எழும்பவில்லை.

மெயின் போர்டின் கனெக்டரைக் கழற்றி அளந்தால் 5.1 வோல்ட். மாட்டினால் 3.7! குற்றவாளி யார்? சப்ளை சோப்ளாங்கியா, இல்லை மெயின் போர்டு அதிகமாக இழுக்கிறதா? மாமியார் மருமகள் சண்டை மாதிரி ஒரு பக்கம் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அண்ணன் மெயின் போர்டை ஒதுக்கிவிட்டு, 5 வோல்ட் லைனில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை லோடாகப் போட்டார். அரை ஆம்பியர்தான். அதற்கே வோல்டேஜ் நான்குக்குக் கீழே படுத்துவிட்டது. ஆக, சப்ளையில்தான் கோளாறு.

அந்த லைனில் 1000 மைக்ரோ ஃபாரட், 10 வோல்ட் கண்டென்சர் ஒன்று. தலை உப்பவில்லை, பார்வைக்குப் புதுசு போலத்தான் இருந்தது. கழற்றி இ.எஸ்.ஆர். மீட்டரில் வைத்தோம். ஓம் கணக்கில் காட்டியது! நல்ல நிலையில் ஓமில் ஒரு சிறு பின்னம்தான் காட்டியிருக்கும். 105 டிகிரி, 16 வோல்ட் கண்டென்சர் ஒன்றைப் போட்டோம். செட் எழுந்தது. பொருள் 15 ரூபாய், கூலி 300.

அந்த இன்னொரு இடத்தார் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். போர்டு மாற்றியிருந்தாலும் செட் ஓடியிருக்கும். பலகையே கருகிப்போன செட்டுக்கு அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் போர்டு மாற்ற பத்து நிமிஷம், பழுதைத் தேட முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துக்கு உழைக்க ஆள் இல்லாவிட்டால், அதற்கான விலையை இட்லி விற்கும் அக்காதான் கொடுக்க வேண்டியிருக்கிறது!

ஓம் விதியைப் பரீட்சைக்கு மட்டும் படித்து மறந்துவிடாதீர்கள் நண்பர்களே. 5 வோல்ட்டை 10 ஓமால் வகுக்கத் தெரிந்ததால் ஒரு குடும்பத்துக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமானது. மீட்டரை எடுங்கள், வரிசையாக அளந்து பாருங்கள். பதறாத காரியம் சிதறாது!

- மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை