உப்புக் கிணறும் மரவள்ளியும்

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று அம்மா சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன். பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு உப்பாவது தடவுவார்கள். டேனரியில் ஊறவைத்துக் கழுவும்போது முதலில் வெளியே ஓடுவது அதுதான். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தீர்ப்பு வந்தது, தண்ணீர் மாறவில்லை.

மரவள்ளிக் குச்சியைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டவர் ஆத்தூர் மாமா. சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு போடுகிறவர். "மாப்ளே, தொழுவுரம், நுண்ணுயிர், மூட்டை உரம், மூணும் சேரணும். ஒண்ணு மட்டும் போட்டா கிழங்கு எறங்காது."

பல்கலைக்கழகப் பரிந்துரையும் அதையேதான் சொல்கிறது. இறவையில் ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம். சாம்பல் சத்து மட்டும் 240 கிலோ. பாதி அடியுரம், பாதி 90ஆம் நாள். மரவள்ளி மண்ணிலிருந்து பொட்டாஷைத்தான் அப்படி உறிஞ்சும். கூடவே அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா.

நான் 'சேரணும்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டேன். நுண்ணுயிர்க் கரைசலில் குச்சியை நனைத்து நட்டு, அன்றைக்கே அதே குழியில் டி.ஏ.பி.யும் பொட்டாஷும் போட்டேன். பாக்டீரியா பாவம், பிழைத்திருக்காது. மூன்றாம் மாதம் அடியிலைகள் ஓரத்தில் கருகின. பொட்டாஷ் குறைந்தாலும் ஓரம் கருகும், உப்பு ஏறினாலும் ஓரம் கருகும். நான் முதலாவது என்று நினைத்து இன்னும் ஒரு மூட்டை கொட்டினேன். சாதாரணப் பொட்டாஷில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. உப்பு மண்ணுக்கு உப்பையே காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறேன். அம்மாவின் வளையல் அடகில் போனது அந்த வருஷம்தான்.

அடுத்த ஆடியில் மேட்டுப்பக்கம் அரை ஏக்கர் மட்டும். மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, பார் அணைத்து, மழையை நம்பி நட்டேன். பொட்டாஷ் சல்பேட் விலை கூடத்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்தேன். அசோஸ்பைரில்லத்தை மக்கிய எருவில் கலந்து, அடியுரம் வைத்து இருபது நாள் கழித்து, ஈரம் பார்த்துப் போட்டேன்.

எருதான் சிக்கல். அவ்வளவு தொழுவுரத்துக்கு மாடு எங்கே? அப்போது ஒருவர் டிராக்டரில் கறுப்பாக, பொலபொலவென்று ஒரு லோடு கொண்டுவந்தார். பாதி விலை. நான் இறக்கச் சொல்லிவிட்டேன். நைனா கட்டிலிலிருந்து எழுந்து வந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். இருபத்திரண்டு வருஷம் டிரம்மில் தோல் புரட்டிய கை அது.

"இது எங்க ஷெட்டு கசடுடா. குரோம் இருக்கும். ஏத்து."

"காசு குடுத்தாச்சி நைனா."

"போனாப் போவுது. ஏத்தச் சொல்லு."

அந்தப் பணம் திரும்பி வரவில்லை. ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர்களிடம் பேசி இரவில் கிடை போடச் சொன்னேன். சணப்பையும் விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழுதேன்.

வைகாசியில் பிடுங்கினோம். அரை ஏக்கரில் இரண்டரை டன். மாமாவிடம் போனில் சொன்னபோது சற்று நேரம் பேச்சே இல்லை. சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். அம்மா முதல் கிழங்கைக் கேன் தண்ணீரில் வேகவைத்தாள். இந்த ஆடிக்கு முக்கால் ஏக்கர் நடலாமா என்று நைனாவிடம் கேட்டிருக்கிறேன். முதலில் கிடைக்காரர்களிடம் பேசிவிட்டு வா என்றிருக்கிறார்.