புதுவையின் பந்தியில்

புதுவைக்குச் செல்லும் பங்குக் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆலயங்களைத் தரிசித்து, கடற்கரையில் கால் நனைத்து, மாலைப் பேருந்தில் ஊர் திரும்பிவிடுகின்றன. அந்நகரைக் கண்ணால் கண்டவர் பலர். நாவால் அறிந்தவர் சிலரே. இடையிடையே சில ஆண்டுகள் நீங்கலாக, 1674 முதல் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் அது. ஆட்சி கப்பலேறிப் போயிற்று. அடுப்பு மட்டும் அணையவில்லை. புதுவை என்றவுடன் மதுக்கடையை மட்டுமே நினைக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அது அவ்வூருக்கு நாம் இழைக்கும் அநீதி. அங்கே உண்டு பார்க்கத் தக்கவை வேறு பல உள்ளன.

முதலாவது ரொட்டி. அதைத் தேட ஏற்ற நேரம் விடியற்காலை. மிஷன் வீதியிலுள்ள சம்பா கோயிலில் திருப்பலி முடித்து, அருகிலிருந்த ஒரு ரொட்டிக் கடை வாசலில் நாம் நின்றோம். செபமாலையை இன்னும் கையில் சுற்றியிருந்த மூதாட்டி ஒருவர், “தம்பி, நல்லா முறுகினதா ரெண்டு குடுப்பா” என்றார். “உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன், ஆயா” என்று விடை வந்தது. நாம் இட்லிக்குக் காத்திருப்பதுபோல் அவ்வூரார் ரொட்டிக்குக் காத்திருக்கின்றனர்.

இந்த நீண்ட ரொட்டியைப் பிரெஞ்சில் ‘பகெத்’ என்பர். கோல் என்பது அச்சொல்லின் பொருள். கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்குமே இதற்கு அடிப்படை. மரபுவழி ரொட்டியில் செயற்கைச் சேர்மானங்கள் கலக்கலாகாது, பிசைந்த மாவை உறையவைக்கலாகாது என்று பிரான்சு நாட்டரசு 1993இல் ஆணையிட்டது. இதனைச் செய்யும் கைத்திறனை 2022இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அடுப்பினுள் நீராவி இருப்பதால் மாவின் மேற்புறம் உடனே காய்வதில்லை. ரொட்டி நன்கு உப்பிய பின்னரே ஓடு இறுகுகிறது. அடிப்பக்கத்தைத் தட்டினால் குடத்தைத் தட்டியது போன்ற ஒலி எழவேண்டும். வெந்த அன்றே உண்பது உத்தமம். வெண்ணெய் தடவி உண்ணலாம். புதுவைக் குடும்பங்களைப்போல் கறிக்குழம்பில் தோய்த்தும் உண்ணலாம். விலையும் ஏழைக்கு எட்டாததன்று.

புஸ்ஸி வீதியிலும் கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும் பிரெஞ்சுப் பலகாரக் கடைகள் உள்ளன. அங்கே ‘குரோசான்’ என்னும் பிறை வடிவப் பலகாரத்தைக் கேட்டு வாங்குங்கள். மாவுக்கும் வெண்ணெய்க்கும் இடையே மடிப்பு மேல் மடிப்பாக இட்டுச் சுட்டது அது. வியன்னா நகரிலிருந்து பாரிசு சென்று புகழ்பெற்றது. ‘கிரேப்’ என்பது நம் தோசையின் தூரத்து உறவு. கோதுமை மாவு, பால், முட்டை சேர்த்து மெல்லியதாக வார்ப்பது. பெப்ரவரி 2ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக அளித்த திருநாளில், பிரெஞ்சுக் கத்தோலிக்கர் இதனை வீட்டில் வார்ப்பது நெடுநாள் வழக்கம்.

நண்பகலுக்கு மீன். ‘புய்யபேஸ்’ என்பது மார்சேய் துறைமுகத்து மீனவர், விலைபோகாத மீன்களைக் கொண்டு காய்ச்சிய குழம்பு. ஏழையின் சட்டியில் பிறந்து செல்வர் மேசைக்கு ஏறியது. புதுவைச் சமையலறையில் குங்குமப்பூவின் இடத்தில் மஞ்சள் வந்தது.

இதற்கு மாறாக, நம் வீட்டு வடவம் கடல் கடந்து சென்றது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து இடித்து, உருட்டி, வெயிலில் உலர்த்தும் அந்தத் தாளிப்பு வடவமே பிரெஞ்சுச் சமையலில் ‘வடுவான்’ என்று வழங்குகிறது. நம் பாட்டிமார் மொட்டைமாடியில் காக்கை விரட்டிக் காத்த பண்டம் இன்று ஐரோப்பியக் கடைகளில் புட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா சென்ற ‘சொல்தா’க்களின் குடும்பங்களோ, வியட்நாமின் ‘சாய்யோ’ என்னும் பொரித்த சுருளைப் புதுவைக்குக் கொணர்ந்தன.

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் சென்றால் ‘விவிக்கம்’ என்னும் கேக்கைத் தவறவிடாதீர்கள். ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, மதுவில் ஊறிய உலர்ந்த பழங்கள் கலந்த இது புதுவைக் கிறிஸ்தவ இல்லங்களின் சொத்து.

உண்டு முடித்து மீண்டும் சம்பா கோயிலுக்குள் சென்று அமர்ந்தோம். இன்று நாம் காணும் ஆலயம் 1791இல் எழுந்தது. அதற்கு முன்பிருந்த ஆலயத்தைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745 அக்டோபரில் தம் நாட்குறிப்பில் ஒரு செய்தி எழுதியுள்ளார். ஆலயத்தினுள் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர். நற்கருணை அப்பம் ஒன்றே. நடுவில் மட்டும் சுவர். ஒதுக்கப்பட்டவர்கள் குருவிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது.

இதனை எண்ணியபோது காலையில் உண்ட ரொட்டி நினைவுக்கு வந்தது. வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் பெரிய வாய்க்கால் பிரித்துநின்ற காலத்திலேயே ரொட்டி மேற்கே வந்தது. வடவம் கிழக்கே போயிற்று. அடுக்களைப் பெண்களும் சமையற்காரரும் ரொட்டி சுடுவோரும், ஆள்வோரால் இயலாததைச் செய்து முடித்தனர். அந்நியரின் ரொட்டியை இவ்வளவு எளிதாக நமதாக்கிக்கொண்ட நாம், அடுத்த தெருவிலுள்ள சொந்தச் சகோதரனின் கையால் ஒரு குவளை நீர் வாங்கிப் பருக இன்னும் தயங்கும் ஊர்கள் உண்டு. கல்லறைத் தோட்டத்திலும் தேர் வீதியிலும் அந்தப் பழைய சுவரின் அடித்தளம் சில பங்குகளில் இன்றும் தட்டுப்படுகிறது.

எனவே, புதுவைக்குச் செல்லுங்கள். முறுகிய ரொட்டியை வாங்கி, கடற்கரையில் பிள்ளைகளுடன் அமர்ந்து பிட்டு உண்ணுங்கள். ஊர் திரும்பிய பின், அடுத்த விருந்தின்போது நம் வீட்டுப் பந்தியில் இதுவரை யாருக்கு இலை போடவில்லை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.